விதைக்கிழங்குக் கறி

காலையில் கட்டிலுக்கடியில் கூட்டும்போது விளக்குமாற்றோடு ஒரு உருளைக்கிழங்கு உருண்டு வந்தது. சுவரோரம் இருட்டில் கிடந்து வெள்ளையாக முளை விட்டிருக்கிறது. ஈரச் சாக்கும் மண்ணும் கலந்த வாசம், உங்கள் சட்டை வாசம். நம் ஒற்றை அறைக் காம்பிராத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இன்று தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகவில்லை.

நம் கந்தப்பளையில் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் மரக்கறி போடுகிற எல்லாருக்கும் தெரியும், கட்டிலுக்கடியில் இருக்கிற விதைச் சாக்கைத் தொடக்கூடாதென்று. நோர்வூட்டிலிருந்து வந்த உங்கள் அக்காவுக்கு அது எப்படித் தெரியும்? அவர்கள் பக்கம் தேயிலை மட்டும்தானே. உங்கள் கருமாதிக்கு அவர்தான் சமையலுக்கு நின்றார். அப்போது முளைகூடக் கிளம்பவில்லை. சாக்கை இழுத்து அவிழ்த்து, கழுவி, கறி வைத்துவிட்டார். "நல்ல மாக்கிழங்கு, எங்க வாங்குனீங்க?" என்று சாப்பிட்டவர்கள் கேட்டார்கள். நானும்தான் சாப்பிட்டேன். பாதிச் சோற்றில் புரிந்தது. அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அந்த மனுஷி தாங்கமாட்டார்.

உங்கள் தாத்தா காலத்திலிருந்து ஒவ்வொரு போகத்திலும் எடுத்து வைத்துவந்த விதை அது. நமக்குக் கல்யாணமான புதிதில், அடைமழையில் வேலையில்லாமல் ரொட்டியும் வெறும் தேயிலைச் சாயத்தண்ணியுமாகக் கிடந்தோமே, அப்போதும் நீங்கள் அந்தச் சாக்கை அவிழ்க்கவில்லை. நான் திட்டித் தீர்த்தேன். "வெதையத் தின்னுட்டு அடுத்த போகத்துக்கு வாயவா நடுறது?" என்று சிரித்தீர்கள்.

நான் கவிதை எழுதுவதை லயமே கேலி பேசியது. நீங்கள் மட்டும் லீக்ஸ் செடிக்கு மண் அணைத்துக்கொண்டே வாசிக்கச் சொல்வீர்கள். பிடிக்காவிட்டால் "சரி சரி" என்பீர்கள். பிடித்தால் மண்வெட்டி நின்றுவிடும். ஒருநாள், "எல்லாத்தையும் எழுதித் தீத்துறாத புள்ள. அடுத்ததுக்கு ஒரு வரி எடுத்து வை" என்றீர்கள். அன்றுமுதல் ஒவ்வொரு கவிதையிலும் நல்ல வரி ஒன்றை எழுதாமல் மனசுக்குள் வைத்துக்கொண்டேன். அடுத்த கவிதை அதிலிருந்துதான் கிளம்பும்.

அதையும் தீர்த்துவிட்டேன். உங்களை இஸ்தோப்புத் திண்ணையில் கிடத்தியிருந்தபோது, சேர்த்து வைத்த வரியெல்லாம் ஒப்பாரியாகக் கொட்டிவிட்டது. "என்னமா அழுவுறா பாரு" என்றார்களாம். ஒன்றும் நினைவில் இல்லை. அதன் பிறகு ஒரு வரி வரவில்லை. பேனாவை எடுப்பேன், மூடி வைத்துவிடுவேன். நீங்களும் போய், விதையும் போய், சொல்லும் போய், நான் எதை வைத்துக்கொண்டு இருப்பேன்? எதற்கு விடிகிறது என்றிருக்கிறது.

நேற்று தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா வந்தார். "தங்கச்சி, நெலத்தத் தரிசாப் போட்டா தோட்டத்துல வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. மழைக்கு முன்னுக்கு ஏதாச்சும் நடுங்க" என்றார். பாவம், நல்லதுக்குத்தான் சொன்னார்.

இந்த ஒற்றைக் கிழங்கை நீங்கள் வெட்டுகிற மாதிரியே முளைக்கொரு துண்டாக வெட்டி, அடுப்புச் சாம்பல் தடவி, மேல் பாத்தியில் நட்டுவிட்டு வந்தேன். ஒரு முழம்கூட நிரம்பவில்லை. மிச்சமெல்லாம் வெறும் மண். இது பிடிக்குமா, இதைப் பார்த்து நிலத்தை விட்டுவைப்பார்களா, தெரியாது.

கை கழுவிவிட்டு இந்த மடலை எழுத உட்கார்ந்தேன். உங்களிடம் சொல்ல இன்னும் ஒன்று இருக்கிறது. அதை எழுதவில்லை. எடுத்து வைத்திருக்கிறேன்.