நான் வாங்காத நான்கு கைக்கடிகாரங்களுக்கு என் பெயரில் வரி திரும்பக் கேட்கப்பட்டது பற்றி

அனுப்புநர்:
அ. நஜீர், வயது 71,
சீட் கவர் தையற்காரர் (இப்போது தொழில் இல்லை),
பூந்தமல்லி, சென்னை 600 056.

பெறுநர்:
உயர்திரு காவல் ஆணையர் அவர்கள்,
ஆவடி மாநகரக் காவல், ஆவடி.

பொருள்: என் பாஸ்போர்ட்டைப் பயன்படுத்திச் சிங்கப்பூரில் வரி மோசடி செய்தவர் மீது நடவடிக்கை கோருதல், நான் ஏமாற்றப்பட்டவன் என்பதை எழுத்தில் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

காட்டுப்பாக்கத்தில் சுற்றுலா அலுவலகம் நடத்தும் அஸ்கர் என்பவர், யாரோ ஒருவரைக் கொண்டு, என் பாஸ்போர்ட்டைக் காட்டிச் சிங்கப்பூரில் நான்கு கைக்கடிகாரங்கள் வாங்கினார். அவற்றின் விற்பனை வரியைத் திரும்பக் கேட்க விமான நிலையத்தில் என்னையே நிறுத்தி, அந்நாட்டுச் சுங்க அதிகாரிகள் முன் என்னைப் பொய்யனாக்கினார். இதுவே என் புகார்.

இதை முன்பே இரண்டு இடங்களில் எழுதிக் கொடுத்தேன். ஓரிடத்தில் இது வெளிநாட்டு விவகாரம் என்றார்கள். மற்றோரிடத்தில், பெரியவரே, வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்கள் என்றார்கள். ஓய்வெடுத்துப் பார்த்தேன். விஷயம் அப்படியே இருக்கிறது.

1. அந்நாட்டில் ஒரு சுற்றுலாப் பயணி பொருள் வாங்கினால், அதற்குக் கட்டிய வரியை நாட்டை விட்டுப் போகும்போது திரும்பப் பெறலாம். கடையில் அவருடைய பாஸ்போர்ட்டில் பதிவு செய்வார்கள். பொருளை அவர் தம்மோடு எடுத்துப் போக வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும். அங்கேயே குடியிருப்பவருக்கு இந்தச் சலுகை இல்லை. ஆகவே அங்கே குடியிருக்கும் ஒருவருக்கான கடிகாரங்களை என் பெயரில் வாங்கி, வரியை மட்டும் அஸ்கர் எடுத்துக்கொள்ளப் பார்த்திருக்கிறார். இவையெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தவை.

2. பாஸ்போர்ட்டை ஏன் அவரிடம் கொடுத்தாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆறு வருடங்களுக்கு முன் இதே அஸ்கருடன்தான் நானும் என் மனைவி ஷம்ஷாத்தும் உம்ரா புனிதப் பயணம் போனோம். அங்கே குழுத் தலைவர்தான் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் ஒரே பையில் வைத்திருப்பார். ஊர் திரும்பும்போது ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கொடுப்பார். அதில் ஒரு குறையும் வந்ததில்லை. இந்த ஜனவரியில் சிங்கப்பூரில் இறங்கியதும் அவர் அதே பையை நீட்டினார். நாங்களும் போட்டோம்.

3. எங்கள் மகள் இஃபத் அங்கே கணவருடன் இருக்கிறாள். குழுவோடு போனால் செலவு குறைவு என்றுதான் போனோம். தங்கியது மகள் வீட்டில். கடிகாரங்கள் வாங்கப்பட்டது ஜனவரி 18 என்று சுங்கத்தில் சொன்னார்கள். அன்று நான் மகளோடு மருத்துவமனையில் இருந்தேன். அவள் உண்டாகியிருப்பதை அன்றுதான் உறுதி செய்தார்கள். கடையில் என் பாஸ்போர்ட்டோடு நின்றவர் யார் என்று எனக்குத் தெரியாது. எங்கள் குழுவில் வெள்ளைத் தாடியும் தொப்பியுமாக ஐந்து பேர் இருந்தோம்.

4. புறப்படும் நாளில், வரி திருப்பித் தரும் எந்திரத்தின் முன்னால்தான் பாஸ்போர்ட் என் கைக்கு வந்தது. "மெஷின் இன்னா கேட்டாலும் எஸ்ஸை அமுக்கிகினே போங்க மாமா. குரூப் ரீஃபண்டு இது. ஊருக்குப் போய் பிரிச்சிக் குடுத்துடறேன்" என்றார் அஸ்கர். பணம் போய்ச் சேர வேண்டிய கார்டு எண்ணை அவரே அடித்தார். திரையில் இருந்தது ஆங்கிலம். அமுக்கியது என் விரல். அதை நான் எங்கும் மறைக்கவில்லை.

5. எந்திரம் என்னைச் சுங்க மேசைக்குப் போகச் சொன்னது. அங்கிருந்த தமிழ்ப் பெண் அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார்: "ஐயா, நாலு வாட்ச்சும் எங்க? எடுத்துக் காட்டுங்க." என் பையில் இரண்டு போர்வையும் தைலமும் பால் பவுடரும் இருந்தன. அவர் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் நான் போர்வையைக் காட்டினேன். திரும்பிப் பார்த்தபோது அஸ்கர் இல்லை, உள்ளே போய்விட்டிருந்தார். ஒரு அறையில் உட்கார வைத்து, நான் சொன்னதை எழுதி வாங்கி, எச்சரித்து அனுப்பினார்கள். என் மனைவி கண்ணாடிக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

6. ஊர் வந்ததும் அஸ்கரின் அலுவலகத்துக்குப் போனேன். "இன்னாத்துக்கு மாமா இதைப் பெருசு பண்ணிகினு கீறீங்க? உள்ளயா வெச்சாங்க? ஊடு வந்து சேந்துட்டீங்கல்ல. டீ சாப்டுங்க" என்றார். நான் டீ சாப்பிடவில்லை.

7. செப்டம்பரில் இஃபத்துக்குப் பிரசவம். மாமியார் இல்லாத வீடு. கூட இருக்க எங்கள் இருவருக்கும் விசா கேட்டோம். ஷம்ஷாத்துக்குக் கொடுத்தார்கள், எனக்கு மறுத்தார்கள். காரணம் சொல்லவில்லை, எனக்குத் தோன்றுவது ஒரு காரணம்தான். என் மனைவிக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கல். அவர் தனியாக மாங்காட்டைத் தாண்டிப் போனதில்லை. என்னை விட்டுப் போக மாட்டேன் என்கிறார். மகள் தினமும் போனில் என்ன ஆச்சு என்று கேட்கிறாள்.

8. ஐயப்பன்தாங்கல் வரதன் எங்களோடு வந்தவர். அவர் பாஸ்போர்ட்டிலும் இரண்டு கடிகாரங்கள் ஏற்றப்பட்டிருந்தன. எந்திரம் அவரைத் தடுக்காமல் விட்டுவிட்டது. சாட்சி சொல்ல வருகிறேன் என்று அவராகவே வீடு தேடி வந்து சொன்னார். மற்றவர்கள் பேச மறுக்கிறார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை.

அஸ்கர் எனக்குப் பணம் எதுவும் தர வேண்டியதில்லை. நான் கேட்பவை இவை:

அ) என் பகுதிக் காவல் ஆய்வாளர் இப்புகாரைப் பதிவு செய்து, அதன் நகலை எனக்குத் தர வேண்டும்.

ஆ) அவரே அஸ்கரை அழைத்து, கடிகாரங்கள் யாருக்குப் போயின, அந்தக் கார்டு யாருடையது, கடையில் என் பெயரில் நின்றவர் யார் என்று விசாரிக்க வேண்டும்.

இ) வரதனின் வாக்குமூலத்தை, அவர் மனம் மாறும் முன், எழுதி வாங்க வேண்டும்.

ஈ) அஸ்கர் எங்கள் குழுவில் உள்ள ஒவ்வொருவருக்கும், அவரவர் பெயரில் என்ன வாங்கினார் என்பதை எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும்.

உ) விசாரித்தபின் உண்மை நான் சொன்னதுதான் என்று கண்டால், தாங்கள் அதை ஒரு கடிதமாகத் தர வேண்டும். மறுத்த விசாவைத் திரும்பக் கேட்க அதை என் மகள் அங்கே கொடுப்பாள்.

ஊ) கடிதம் ஆகஸ்டு முடிவதற்குள் வர வேண்டும். தர இயலாது என்றால், இயலாது என்பதையும் தாங்களே எழுத்தில் தர வேண்டும். நான் மேற்கொண்டு யாரிடம் போக வேண்டும் என்பதையும் அதில் குறிப்பிட வேண்டும்.

இம்மனுவை நானே எழுதினேன். இதில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் நானே பொறுப்பு.

இடம்: பூந்தமல்லி
நாள்: 14.07.2025

(ஒப்பம்)
அ. நஜீர்