மாதர் கூட்டத்தில் நான் சொன்ன சொல்

18 ஜூலை 1954, ஞாயிறு

முதலில் கண்ணில் பட்டது சத்தியபாய் சித்தியின் மேல்முண்டு. அதன் நுனியை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். பிறகுதான் சிரிப்புச் சத்தம் கேட்டது.

கோயிலில் மாதர் கூட்டம். நான் ஜெபிப்பது முதல் தடவை. "சிதறின எங்களை உம்முடைய பட்டியில் சேர்த்துக்கொள்ளும்" என்றேன். ஆட்டுப்பட்டியைத்தான் சொன்னேன். அம்மை வீட்டில் அப்படித்தான் ஜெபிப்பாள். அவள் நாகர்கோவிலுக்குக் கிழக்கே பிறந்தவள். இங்கே செங்கல் ஊரில், மலையாளம் கலந்த பேச்சில், பட்டி என்றால் நாய். எனக்கும் தெரியும். பின்னே எப்படி வாயில் வந்தது?

"நம்மள எல்லாம் நாயாக்கிட்டாளே. நல்ல ஜெபமாக்கும்" என்றாள் சித்தி. பாதியில் எழுந்து ஓடிவந்துவிட்டேன்.

19 ஜூலை

அம்மை மரச்சீனிக் கிழங்கின் தோலைத் தொலித்துக்கொண்டே, வாற ஞாயிறும் நீதான் ஜெபிக்கணும் என்றாள். மாட்டேன் என்றேன்.

"அந்தச் சொல்ல மாத்தவும் செய்யாத. சிரிக்கட்டு. எந்தப் பட்டின்னு ஆண்டவருக்குத் தெரியும் மக்கா."

அவளுக்கென்ன. சிரித்தது என்னைப் பார்த்தல்லவா.

25 ஜூலை, ஞாயிறு

எழுந்து நின்றேன். ஒன்றும் வரவில்லை. உட்கார்ந்தேன். அம்மை முதுகில் கை வைத்தாள். தட்டிவிட்டேன்.

1 ஆகஸ்ட், ஞாயிறு

"பிதாவே" வரைக்கும் வந்தது. "பட்டிய இன்னும் அவுத்துவிடல்லியா" என்று சித்தி கேட்டாள். கூட்டமே சிரித்தது.

திரும்பி வரும்போது நடுவழியில் அம்மையிடம் கத்தினேன். ஏழாம் வகுப்பில் நான் மலையாளம் வாசித்ததைக் கேட்டு சார் சிரித்தார். அப்போது, இனி பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றேன். அன்றைக்கு விட்டாயே, இப்போது மட்டும் ஏன் பிடித்துத் தள்ளுகிறாய்?

அம்மை நடையை நிறுத்தவில்லை. "அன்னைக்கு விட்டேன். நீ அடுப்படியில ஒடுங்கிப் போன. அதப் பாத்த பெறகு இனி விடமாட்டேன்."

சிலுவை சுமந்தவரையும் பார்த்துச் சிரித்தார்களாம். அவர் ஆண்டவர். நான் யார்?

8 ஆகஸ்ட், ஞாயிறு

பல்லைக் கடித்துக்கொண்டு ஜெபித்தேன். அந்தச் சொல்லையும் சொன்னேன். சிரித்தார்கள். ஆமேன் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

அம்மை பாராட்டவில்லை. ராத்திரி என் கஞ்சியில் மட்டும் தேங்காய் துருவிப் போட்டிருந்தாள்.

12 ஆகஸ்ட்

நேற்று மார்த்தாண்டத்தில் துப்பாக்கிச்சூடு. நம்முடைய தாலுகாக்களைத் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரித்துத் தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லிப் போன ஊர்வலம். சத்தியபாய் சித்தியின் வீட்டுக்காரர் சுந்தரதாஸ் சித்தப்பா போயிருந்தார். திரும்பவில்லை. அப்பா செத்த பிறகு எங்களுக்கும் அவர்தான் ஆண்துணை.

பாறசாலை சந்தையில் ஒருவன், செத்தது மனுசரில்லை, பாண்டிப் பட்டிகள் என்றானாம். பாண்டி என்றால் தமிழர், நாங்கள். அம்மை தன் காதால் கேட்டிருக்கிறாள். அதைச் சொல்லிவிட்டு வெகுநேரம் கையைக் கழுவிக்கொண்டே நின்றாள்.

எங்க பாஷைய கேட்டா சுடுவாங்களா? ஆண்டவரே, அப்ப நீர் எங்க நின்னீரு?

எழுதிவிட்டேன். அடித்து அழிக்கப் போவதில்லை.

15 ஆகஸ்ட், ஞாயிறு

ரோட்டில் போலீஸ் நிற்கிறது. இனி கொஞ்ச நாளைக்கு மலையாளத்திலேயே ஜெபியுங்கள் என்று உபதேசியார் சொன்னார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. நானும்தான்.

மத்தியானம் சித்தி வந்தாள். தலை வாரவில்லை. சித்தப்பாவைப் பற்றி இன்னும் ஒரு தகவலும் இல்லை. "எக்கா, ஒரு ஜெபம் செய்யணும்" என்று வெறுந்தரையில் உட்கார்ந்தாள். அம்மை வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது. அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

சித்தி என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு பிள்ளே. எனக்கு நாக்கு எழும்பல்ல."

இப்போது நான் வேண்டுமாம். எழுந்து போ என்று சொல்லத்தான் வாய் வந்தது. அம்மையைப் பார்த்தேன். சொல்லு என்று அவள் சொல்லவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கோபம் தீரவில்லை. ரோட்டுப் பக்கத்து ஜன்னலை முழுதாகத் திறந்தேன். சித்தியின் பக்கத்தில் முழங்கால் போட்டு, தமிழில், உரக்க ஆரம்பித்தேன்.