அப்பாவின் பக்கத்தில் இடம்

மகன் காம்சிங்குக்கு, அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் நலந்தானே?

நான் நகரத்தில் பிச்சை எடுப்பதாக ஊரில் பேசுகிறார்களாம். கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் கையேந்துவதில்லை. ஆஸ்பத்திரியில் நம் கம்மு மக்கள் சொல்வதை டாக்டருக்கு லாவோ மொழியில் சொல்வதுதான் என் வேலை.

போன வாரம் படியில் லேசாகத் தலைசுற்றியது. இப்போது எனக்கும் இங்கே ஒரு கட்டில். நேற்று நம் மலைக்காரர் ஒருவர் இறந்தார். வெளியூரில் செத்தவரை ஊர் இடுகாட்டில் சேர்க்கக்கூடாதென்று, மகன்களே தனியாகக் காட்டில் புதைக்க எடுத்துப் போனார்கள். பக்கத்துக் கட்டிலில் இருக்கும் மொங் இனக் கிழவி சிரித்தாள்:

"உசிரோட போனாத்தான் உங்காளுங்க இடம் குடுப்பாங்களா? அப்ப சீக்கிரம் கெளம்புக்கா!"

டாக்டர் பயணம் கூடாது என்கிறார். காய்ந்த மிளகாயும் என் கண்ணாடியும் அனுப்பு. இடுகாட்டில் உன் அப்பாவின் பக்கத்தில் எனக்கு இடம் தருவார்களா என்று ஊர்ப் பெரியவரிடம் கேள். வாய்ச்செய்தி வேண்டாம், தேதி போட்டு, எழுத்தில் பதில் அனுப்பு.

அம்மா