வெள்ளைச் சாட்டினில் கருநீலம்

ஏலப்பாறை
23.4.2025

டின்சியின் அப்பாவுக்கு லிஜி எழுதுவது. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். இங்கே நலமில்லை. போன் என்றால் பாதியில் வைத்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

ஈஸ்டருக்கு வந்தீர்கள், சந்தோஷம். நான் பூசைக்குப் போய் வருவதற்குள் என் தையல் மெஷினைக் கழற்றச் சொன்னது யார்? நம் டின்சியோடு முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகும் இன்பமேரி அக்கா மகளின் புதுநன்மை கவுனைத் தைக்க நேற்று உட்கார்ந்தேன். வெள்ளைச் சாட்டின். துணியை அமுக்கும் கால், அடித்தகடு என்று துருப்பிடிக்காதிருக்க மருந்து பூசி நீங்கள் ஏற்றிய கருநீலம் அத்தனையும் துணியில் இறங்கிவிட்டது. கவுனின் இடது கை முழுக்கக் கறை. சோப்பு, எலுமிச்சை எதற்கும் போகவில்லை.

அந்த மருந்தை டீ குடிக்கிற கிளாஸிலா ஊற்றுவது? டின்சி அதில் தண்ணீர் மொள்ளப் போனாள், தட்டிவிட்டேன். உதவி செய்யாவிட்டாலும் உபத்திரவம் செய்யாதிருக்கலாம்.

லிஜி

கோயம்புத்தூர்
28.4.2025

அன்புள்ள லிஜிக்கு,

மழைக்கு மெஷின் துருப்பிடிக்கிறது என்று நீதானே புலம்பினாய்? ஒர்க்‌ஷாப்பில் செய்வதுபோலத் துருவைத் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, மருந்தைப் பஞ்சால் பூசினேன். பிறகு நன்றாக அலசி, ஒரு ராத்திரி எண்ணெயில் போட்டு, கறுப்பு ஒட்டாமல் ஆகும்வரை துடைக்க வேண்டும். குமுளி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அப்படியே மாட்டிவிட்டேன். தப்புதான். அதற்காக இப்படியா குதிப்பாய்? கிளாஸை மட்டும் உடைத்துப் புதைத்துவிடு, அது விஷம்.

புதுச் சாட்டின் அனுப்புகிறேன். மே பதினொன்று, டின்சியின் புதுநன்மைக்கு லீவு கிடைக்காது. அதனால்தானே ஈஸ்டருக்கே வந்தேன்? டின்சியிடம் பக்குவமாகச் சொல்லிவிடு.

உன் ரிஜின்

ஏலப்பாறை
3.5.2025

டின்சியின் அப்பாவுக்கு,

சாட்டின் வேண்டாம். டின்சிக்குத் தைத்து வைத்திருந்த கவுனை இன்பமேரி அக்கா மகளுக்குக் கொடுத்துவிட்டேன். வாக்குக் கொடுத்தவள் நான். கறைபட்டதை நம் பிள்ளை போட்டுக்கொள்வாள்.

அவளிடம் நான் எதையும் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தை அவளே எடுத்துப் படித்துவிட்டாள். கறைமேல் லேஸ் வைக்கிறேன் என்றேன். “வேணாம்மா. அப்பாவே வரல, யாரு பாக்கப் போறா?” என்றாள்.

லீவு கேட்டீர்களா? கேட்டிருக்கமாட்டீர்கள். கேட்காமல் தொடக்கூடாததைத் தொடுவீர்கள், கேட்க வேண்டிய இடத்தில் வாய் திறக்கமாட்டீர்கள். மெஷினில் நீங்கள் ஏற்றிய நீலத்தைப் புளி போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டேன். துருப்பிடித்தால் பிடிக்கட்டும், எனக்குத் துடைக்கத் தெரியும்.

பதினொன்றாம் தேதி ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பூசை. நம் கோயிலில் ஆண்கள் இடதுபக்கம். கறையும் இடது கையில்தான். லேஸ் வைக்கவில்லை. வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, பூசை முடியும்வரை அதைப் பாருங்கள்.

லிஜி