நாலு வினாடி

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். என் வலைப்பூவை நேற்றுத் திறந்தவர்கள் ஏழு பேர். பகலெல்லாம் லிப்ட் பழுது பார்த்துவிட்டு ஆறு வருடமாக எழுதியதற்கு இதுதான் பலன். மே முடிவதற்குள் தினம் நூறு பேர் வராவிட்டால் எல்லாவற்றையும் அழித்துவிடுவேன். நீயாவது வாசிக்கிறாயா?

தம்பி

மார்ச் 11

பெரிய எழுத்தாளருக்கு அக்கா எழுதுவது.

நான் சௌக்கியம், உன் மாமாவின் குறட்டையும் சௌக்கியம். வாசிக்கிறாயா என்று கேட்கிறாயே, ஒரு வரி விடுவதில்லை. அஞ்சாம் கிளாஸோடு என்னை நிறுத்தியதால் பிழைத்தாய், இல்லையென்றால் உனக்குப் போட்டியாக வந்திருப்பேன். அழிப்பேன் கிழிப்பேன் என்று பேசாதே. கூட்டம் வரும், பார்.

அக்கா

ஏப்ரல் 20

அக்கா,

நேற்று நூற்றுப் பதினெட்டு பேர்! மூன்று வாரமாக நூற்றுக்குக் கீழே இறங்கவில்லை. மணி அடித்த மாதிரி நேரம் தவறாமல் வருகிறார்கள். இன்று வேலையை விட்டுவிட்டேன். இனி எழுத்துதான். வீட்டில் இன்னும் சொல்லவில்லை, உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

தம்பி

ஏப்ரல் 26

தம்பி,

உடனே ஓடு. காலில் விழுந்தாவது வேலையைத் திரும்பக் கேள்.

அந்தக் கூட்டம் நான் கூட்டியது. எங்கள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குள் போன் கூடாது, வாசலில் கூடையில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். கூடைக்குப் பொறுப்பு நான். போடும் முன்னால் என் தம்பி பக்கத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போங்கடி என்றேன். மற்ற இரண்டு ஷிப்டிலும் சொல்லிவைத்தேன். ஷிப்டுக்கு முப்பத்தொன்பது பேர். ஒருத்தியும் ஒரு எழுத்துப் படிக்கவில்லை. நானும்தான். நீ மனம் விட்டுவிடக் கூடாதே என்றுதான் செய்தேன்.

அக்கா

மே 4

அக்காவுக்கு,

என் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. யார் எவ்வளவு நேரம் படித்தார்கள் என்று காட்டும் பக்கத்தை இப்போதுதான் பார்த்தேன். நாலு வினாடி. நாலு வினாடி. கடைசி வரைக்கும் அதேதான். அந்த ஏழு பேராவது நிஜமானவர்கள். இனி எனக்கு எழுதாதே. மாதக் கடைசியில் அழித்துவிடுகிறேன்.

மே 19

தம்பி,

நீ சொல்லி நான் எப்போது கேட்டிருக்கிறேன்?

ஒன்று படித்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்க ஒரு வாரம் ஆனது. இரண்டு மாடிக்கு நடுவில் லிப்டில் மாட்டிக்கொண்ட டீச்சரம்மா கதை. கதவு இடுக்கில் நீ டார்ச் நீட்டினதும், "இப்ப திறக்காதப்பா, வீட்டுக்குப் போறதுக்குப் பதிலா இங்கயே இருந்துக்கறேன்" என்றாளே, அந்த இடத்தில் அழுதுவிட்டேன். மாமா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

மறுநாள் படுக்கை விரிப்பு மடிக்கும்போது இவளுகளுக்குச் சொன்னேன். ஷிப்ட் முழுக்கக் கை நின்றுவிட்டது. கத்த வந்த சூப்பர்வைசரும் நின்று கேட்டார். "உன் தம்பி கதவத் திறந்தானா இல்லையாடி?" என்று பிடுங்குகிறார்கள். நீ எழுதாமல் விட்டுவிட்டாய், நான் என்ன சொல்ல?

உன் வேலை என்னால்தான் போனது. வீட்டில் சொல்லிவிட்டாயா?

அக்கா

ஜூன் 2

தம்பி,

நீ பதில் போடவில்லை. கெடுவும் முடிந்துவிட்டது. காலையில் உன் பக்கத்தைத் திறந்தேன். இருக்கிறது, நீ அழிக்கவில்லை. டீச்சரம்மா இன்னும் உள்ளேதான் இருக்கிறாள். புதிதாக ஒன்றும் இல்லை, அதனால் நாலு வினாடியில் மூடிவிட்டேன்.

நாளைக்கும் பார்ப்பேன்.

அக்கா