யாரும் படுக்காத தொட்டில்

ஜூன் 9, திங்கள்

இந்த நோட்டு உன் கையில் கிடைத்திருந்தால், தயவுசெய்து மூடி, எடுத்த இடத்திலேயே வைத்துவிடு. அத்தையிடம் காட்டாதே. மாமாவிடமும் வேண்டாம். நல்லவர் என்று நீ நினைக்கிற யாரிடமும் வேண்டாம். அவர்கள்தான் நேராகப் போய் அத்தையிடம் சொல்வார்கள்.

குளியலறையில் இருந்து எழுதுகிறேன். வாளியைக் கவிழ்த்துப் போட்டால் நாற்காலி. ராத்திரி இங்கே மட்டும்தான் தாழ்ப்பாள் போட முடியும்.

இன்று ஒரு மேசை விளக்கு வாங்கி வந்தேன். வாங்கி என்றால் காசு கொடுத்து அல்ல. ‘வேண்டாதது வேண்டியவர்க்கு’ என்று கைபேசியில் ஒரு குழு இருக்கிறது. வீட்டில் மிஞ்சியதைப் படம் எடுத்துப் போடுவார்கள். பலர் கேட்டால், யாருக்கு அதிகம் கஷ்டமோ அவர்களுக்குக் கொடுப்பார்கள். அதனால் அத்தை என் பெயரில் கதை எழுதுவாள். அப்பா இல்லையாம், அம்மா நோயாளியாம். உண்மையில் அம்மாதான் இல்லை. அப்பா இருக்கிறார், கப்பலில். நான் கொண்டுவருவதற்கெல்லாம் மாமா பெயிண்ட் அடித்து வேறு குழுவில் விற்றுவிடுவார்.

கிளம்பும்போது அத்தை என் தலையைக் கலைத்துவிட்டாள். “தையல் விட்ட யூனிஃபார்மையே போடு. உன் அழுமூஞ்சிதான்டி நம்ம கடைக்கு போர்டு.”

ஜூன் 12, வியாழன்

மரத் தொட்டில். அதற்காக அத்தை எனக்கு ஒரு தம்பியையே பெற்றுக் கொடுத்துவிட்டாள். “பொறந்து கொஞ்ச நாள்தான் ஆச்சுன்னு சொல்லு. பேர் கேட்டா இன்னும் வைக்கலன்னு சொல்லு.”

கொடுத்தவர் தடிக் கண்ணாடி போட்ட ஒரு அக்கா. கண்ணாடிக்கா என்று வைத்துக்கொள்கிறேன். தொட்டிலுக்கு மேலே துணிக் குருவிகள் தொங்கின, அவரே தைத்தது. கட்டையில் ஒரு கீறல்கூட இல்லை.

“புதுசாக்கா?”

“போன வருஷம் வாங்கினது. யாரும் படுக்கல.”

“ஏன்?” என்று கேட்டேன். கேட்டேனே! அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, “அந்தப் பக்கம் பிடி, தூக்கலாம்” என்றார்.

தன் காரிலேயே கொண்டுவந்தார். மாடி வரைக்கும் என்னோடு சேர்ந்து தூக்கினார். வாசலில், சொல்லிக் கொடுத்தபடி, “அம்மா தூங்குறாங்க” என்றேன். உடனே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் படி இறங்கிப் போனார்.

ஜூன் 13, வெள்ளி

ஏன் யாரும் படுக்கவில்லை என்று கணக்கு வகுப்பில் சட்டென்று புரிந்தது.

ஜூன் 17, செவ்வாய்

கண்ணாடிக்கா தினமும் செய்தி அனுப்புகிறார். தம்பி பால் குடிக்கிறானா, ராத்திரியில் அழுகிறானா என்று. “தூங்குறான்னு போடு” என்பாள் அத்தை. என் தம்பி தூங்கிக்கொண்டே இருக்கிறான்.

இன்று வந்தது: “பேர் வச்சாச்சாம்மா? நான் ஒரு பேர் யோசிச்சு வச்சிருந்தேன். கூப்பிட முடியல. பிடிச்சா எடுத்துக்கோங்க.” கீழே அந்தப் பெயர். அதை இங்கே எழுத மாட்டேன்.

அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். “ஏங்க, பேரக்கூட சும்மாக் குடுக்குறாங்க! இத எதுல போட்டு விக்கிறது?”

“ரெண்டு கோட் பெயிண்ட் அடிச்சா போயிடும்” என்றார் மாமா.

அத்தையே பதிலும் போட்டாள்: அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, அதே பேர்தான்.

வாளிமேல் உட்கார்ந்து அந்தப் பெயரை மெதுவாக ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். ஒருத்தராவது கூப்பிடட்டுமே.

ஜூன் 21, சனி

தம்பியைப் பார்க்க வருகிறாராம். திங்கட்கிழமை, வேலை முடிந்ததும். ஒரு போர்வை பின்னியிருக்கிறாராம்.

நான் படித்துக் காட்டியதை அத்தை காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “செத்துப்போச்சுன்னு எழுது.”

மாட்டேன் என்றேன். இந்த வீட்டில் முதல் தடவை.

“யார் நம்பர்லருந்து போச்சு எல்லாம்? யார் மூஞ்சி போச்சு? மாட்டினா நானாடி மாட்டுவேன்? நாளைக்கு அண்ணன் கூப்பிடட்டும், ஸ்பீக்கர்ல போட்டே சொல்றேன். உன் பொண்ணு வீடு வீடாப் போய் பொய் சொல்லிப் பிச்சை எடுக்குதுன்னு.”

அப்பா நம்பிடுவாரா? நம்பிடுவாரு. அத்தை சொன்னா எல்லாரும் நம்புறாங்க.

ஜூன் 22, ஞாயிறு

அப்பா கூப்பிட்டார். அத்தை என் பின்னால் நின்று தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

“நல்லா இருக்கியாடா கண்ணு?”

பின்னலை ஒரு இழுப்பு இழுத்தாள்.

“நல்லா இருக்கேன்ப்பா.”

அப்புறம் கண்ணாடிக்காவுக்கு எழுதினேன். அத்தை தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துத் திருத்தினாள். “காய்ச்சல்னு போடு. காரணம் இல்லாமச் செத்தா யாரு நம்புவா? பேரையும் போடு. அப்பத்தான் திரும்ப வாயத் திறக்க மாட்டா.”

போட்டேன். அவர் கொடுத்த பெயரைப் போட்டு, செத்துப்போச்சு என்று போட்டேன். நான்தான். என் விரல்தான்.

அந்தப் பக்கம் எழுதுகிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. நின்றது. ஒன்றும் வரவில்லை.

ஜூன் 23, திங்கள்

பள்ளி விட்டு வந்தபோது பதில் வந்திருந்தது. “அம்மாவத் தனியா விடாதம்மா. அந்த ராத்திரிங்க எனக்குத் தெரியும். இன்னிக்கு வந்து அவங்க பக்கத்துல உக்காந்திருக்கேன். பேச வேண்டாம், சும்மா உக்காந்திருக்கேன்.”

வராதீங்க என்று அத்தை மூன்று முறை எழுத வைத்தாள். அவர் படிக்கவேயில்லை.

மாமாவை வெளியே போகச் சொல்லிவிட்டாள். முடியை அவிழ்த்துப் போட்டு, கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து ஒத்திகை பார்த்தாள். “எப்படிடி இருக்கு? பிள்ளையப் பறிகொடுத்தவ மாதிரி இருக்கா? நீ போய்க் கதவத் திற. அழு. அதான் உனக்கு நல்லா வருமே.”

இன்று குளியலறையில் இல்லை. வாசல் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு முன்னால் தொட்டில். பாதி நீலம், பாதி வெள்ளை. படம் எடுப்பதற்காக, ‘விற்பனைக்கு’ என்ற அட்டையை மாமா குருவிகளோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார். மொட்டை மாடிக்குத் தூக்கி வைக்கத்தான் மாமாவிடம் அத்தை சொன்னாள். அவர் போகிற அவசரத்தில் மறந்துவிட்டார்.

இப்போதுதான் உள்ளேயிருந்து குரல். “தொட்டில மேல ஏத்திட்டாராடி?”

“ஏத்திட்டாரு அத்தை.”

இத்தனை நாளில் இது ஒன்றுதான் என் சொந்தப் பொய். கண்ணாடிக்கா என்னைத்தான் முதலில் பார்ப்பார். என்னைத்தான் அடிப்பாரோ? அடிக்கட்டும். அப்பாகிட்ட யார் என்ன சொன்னாலும் சொல்லட்டும்.

படியில் செருப்புச் சத்தம். எங்கள் மாடியில் வந்து நின்றுவிட்டது. கழற்றுகிறார் போல, அம்மா தூங்குவாங்கன்னு

கதவைத் தட்டுகிறா