கூட்டி எழுதிய வருமானம்

ஞாயிறு, மதியம்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பதாக ஃபோனில் சொன்னாய், ஆனால் மூக்கடைத்த குரலில் சொன்னாய், அதனால் பாதிதான் நம்பினேன். வாரம் இரண்டு முறை பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். இதனுடன் இரண்டு தாள்கள் வைத்திருக்கிறேன், அவை அசலாகவே உன் கைக்கு வர வேண்டும் என்பது ஒரு காரணம். ஃபோனில் நான் ஆரம்பித்தால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லியே முடித்துவிடுவாய், கடிதத்தில் அப்படிச் செய்ய முடியாது, அது இன்னொன்று.

எங்கள் பரிசோதனைக் கூடத்தை மூன்றாம் மாடிக்கு மாற்றிவிட்டார்கள். தண்ணீர் மாதிரிகளை லிஃப்டில் ஏற்றுகிறோம், லிஃப்ட் இரண்டு நாளைக்கு ஒருமுறை நின்றுவிடுகிறது, நிற்கிற நாளில் தண்ணீரைவிட எங்கள் முழங்கால்களின் நிலைமைதான் நன்றாகத் தெரியவருகிறது. முழங்கால் என்றதும், உன் அத்தைக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து கைத்தடி இல்லாமல் நடக்கிறார். நடக்க ஆரம்பித்த முதல் வாரமே தெரிந்த வீடுகளுக்கெல்லாம் போய், "எங்க தம்பி பொண்ணுக்கு யுனிவர்சிட்டியில பதினாலாயிரத்து ஐந்நூறு சும்மா குடுக்கறாங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அவருக்குச் சொன்னது உன் அப்பா. அப்பாவுக்குச் சொன்னது நீ. உனக்குச் சொன்னது பல்கலைக்கழகம் அனுப்பிய கடிதம். அந்தக் கடிதத்தைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நீ அனுப்பிய கடிதத்தின் படத்தைப் பெரிதாக அச்செடுத்துக்கொண்டு பென்சிலோடு உட்கார்ந்தேன். அடுத்த வருடத்துக்கு மொத்தச் செலவு இருபதாயிரம் என்கிறார்கள். அதில் கல்விக் கட்டணம் ஒன்பதாயிரத்து இருநூறு, பாதிகூட இல்லை. அரசுப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் குறைவு என்று எல்லோரும் சொல்வது பொய்யில்லை, ஆனால் சொல்கிறவர்கள் அந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இதரக் கட்டணங்கள் ஆயிரத்து நானூற்றைம்பது, விடுதியும் சாப்பாடும் எட்டாயிரத்து அறுநூறு, புத்தகங்கள் எழுநூற்றைம்பது. வகுப்பில் உட்காருவதற்கு ஆகிற செலவும் வகுப்பு முடிந்து போய்ப் படுப்பதற்கு ஆகிற செலவும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கின்றன. இனி நீ சந்தோஷப்பட்ட இடத்துக்கு வருகிறேன். மொத்த உதவி பதினாலாயிரத்து ஐந்நூறு என்று அடிக்கோடு போட்டிருக்கிறார்கள், நீ எனக்குப் படித்துக் காட்டியது அந்த ஒரு வரியைத்தான். அதற்கு மேலே சிறிய எழுத்தில் மூன்று வரிகள் இருக்கின்றன. திருப்பித் தர வேண்டாத உதவித்தொகை இரண்டாயிரம். நீ அங்கேயே பகுதி நேர வேலை பார்த்துச் சம்பாதிக்க வேண்டியது இரண்டாயிரத்து ஐந்நூறு, வேலை பார்க்காவிட்டால் அது வராது. மீதிப் பத்தாயிரம் கல்விக் கடன். ஆக உண்மையில் சும்மா கிடைப்பது இரண்டாயிரம், அத்தை இன்னும் எத்தனை வீடுகளுக்குப் போயிருக்கிறார் என்று தெரியவில்லை. இதற்கும் மேலே ஐயாயிரத்து ஐந்நூறு நாங்கள் கட்ட வேண்டும், அதற்கு என் சம்பளம் போதும், அதைப் பற்றி நீ நினைக்க வேண்டாம். முதல் வருடம் உன் மதிப்பெண்ணுக்குக் கிடைத்த பரிசுத்தொகை பெரும்பகுதியை மூடிவிட்டதால் நாம் யாரும் இதையெல்லாம் படிக்கவில்லை. அது முதல் வருடத்துக்கு மட்டும்தான். இனிமேல் வருடத்துக்குப் பத்தாயிரம் கடன் என்றால் மூன்று வருடத்துக்கு முப்பதாயிரம். படிப்பு முடிந்த பிறகுதான் திருப்பிக் கட்ட வேண்டும் என்பது சரி, ஆனால் வட்டி பணம் கைமாறிய நாளிலிருந்தே ஏறுகிறது, அது பின்பக்கத்தில் இருக்கிறது. "எல்லாரும்தாம்மா எடுக்கறாங்க, பதினெட்டாம் தேதிக்குள்ள இணையத்துல சம்மதம்னு பட்டனை அழுத்திடறேன்" என்றாய். அழுத்தாதே. காரணம் இருக்கிறது.

அந்த இரண்டாயிரம் எனக்கு ஒத்துவரவில்லை. பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்திலேயே வருமானத்தைப் போட்டால் தோராயமாக எவ்வளவு கிடைக்கும் என்று சொல்கிற ஓர் அட்டவணை இருக்கிறது. என் சம்பளத்தையும் அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கடை வருமானம் என்று நான் நினைத்திருந்ததையும் போட்டுப் பார்த்தேன், ஐயாயிரம் வந்தது. உதவித்தொகை அலுவலகத்துக்கு ஃபோன் செய்தேன். நான்கு நாள் காத்திருப்பு இசைதான் கேட்டேன், ஐந்தாம் நாள் ஒரு பெண் பேசினாள், சின்ன வயதுக் குரல், பொறுமைசாலி. உன் பதிவு எண்ணைச் சொன்னதும் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர் படிவத்துல எழுதியிருக்கற வருமானத்துக்கு இந்த ரெண்டாயிரமே ஜாஸ்திம்மா" என்றாள். என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டேன். படித்தாள். இன்னொரு முறை படிக்கச் சொன்னேன். கடன் ஏதாவது இருந்தால் குறிப்பிடுக என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன், கோடு போட்டிருக்கிறது என்றாள். லென்ஸ் அறுக்கும் மெஷினுக்கு இன்னும் இரண்டு வருடத் தவணை பாக்கி இருப்பது உனக்கே தெரியும்.

அந்தப் படிவத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது. அதை நிரப்பிய சமயம் நான் நீர்த்தேக்கங்களைப் பார்வையிட மூன்று வாரம் வெளியூரில் இருந்தேன். உன் அப்பா நிரப்பி என் கைப்பேசிக்கு அனுப்பினார், நான் ஒரு பம்ப் அறையில் நின்றுகொண்டு, கட்டத்துக்குள் விரலால் கிறுக்கி அனுப்பிவிட்டேன். ஒரு குழாய்த் தண்ணீர் அறிக்கையை இரண்டு முறை படிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை, இதை ஒரு முறைகூடப் படிக்கவில்லை. பிழையில் பாதி என்னுடையது என்பதை எழுத்திலேயே தந்துவிடுகிறேன்.

அன்று சாயங்காலம் நேராகக் கடைக்குப் போனேன். நான் கடைக்குப் போய் வெகு நாளாகிறது. எதிர்ச்சாரியில் அந்தப் பெரிய மூக்குக்கண்ணாடிக் கடை வந்திருப்பது எனக்குத் தெரியும், வாசலில் இலவசக் கண் பரிசோதனை என்று எழுதியிருப்பதும் தெரியும், பஸ்ஸிலிருந்து தினமும் பார்க்கிறேன். ஆனால் நம் கடைக்குள் நின்று அதைப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் வந்து கழன்றுபோன ஸ்குரூவை மாட்டிக்கொண்டு போனார், அதற்கு அப்பா காசு வாங்கவில்லை. ஒரு பெண் நான்கு ஃபிரேம்களைப் போட்டுப் பார்த்து, நான்கையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு எதிர்க் கடைக்குப் போனாள். அப்பா ஃபிரேம்களைத் துடைத்துத் திரும்ப அடுக்கினார். நான் படிவத்தைப் பற்றிக் கேட்டேன். முதலில், "என்ன பெரிய தப்பு, ரெண்டு சைஃபர் முன்னப்பின்ன" என்றார். இரண்டு சைஃபர் முன்னே பின்னே போனால் நாம் கப்பல் கம்பெனி வைத்திருக்க வேண்டும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அவர் எழுதியிருந்தது நீ ஒன்பதாவது படித்த வருடத்து வருமானம், கடை நன்றாக ஓடிய வருடம் அது. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அதையேதான் சொல்லிவந்திருக்கிறார், அத்தைக்கு, கடைக்குப் பொருள் போடுகிறவருக்கு, எனக்கும். இன்றைக்கு உண்மையில் வருவது அதில் பாதிகூட இல்லை. ஏன் இப்படி எழுதினீர்கள் என்று கேட்டதற்கு, ஃபிரேமைத் துடைத்துக்கொண்டே, "அது பாப்பா படிக்கற இடத்துக்குப் போற பேப்பர். அவளுக்குப் பாடம் எடுக்கறவங்க பார்ப்பாங்க. அவ அப்பன் இவ்வளவுதான் சம்பாதிக்கறான்னு அவங்களுக்குத் தெரியணுமா?" என்றார். உன் பேராசிரியர்கள் அந்தப் படிவத்தைக் கண்ணால்கூடப் பார்க்கமாட்டார்கள், அது வேறு கட்டடத்தில் ஒரு கணினிக்குள் போகிறது என்று விளக்கினேன். அவர் மனதில் அது வகுப்பில் எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசிக்கப்பட்டிருக்கிறது. எதிர்க் கடை வந்த இந்த இரண்டு வருடமாக அவர் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா என்பது தெரியாது, ஆனால் கேட்கவில்லை என்பது தெரியும்.

மறுபடி அலுவலகத்துக்கு ஃபோன் செய்து நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண், "குறைச்சு எழுதறவங்களைப் பிடிக்கத்தாம்மா எங்ககிட்ட வழி இருக்கு. கூட்டி எழுதினவருக்கு என்ன பண்றதுன்னு மேடத்துகிட்ட கேக்கணும்" என்றாள். நிறைய உதவி கேட்கிறவர்களிடம்தான் சான்று கேட்பார்களாம், நிறையச் சம்பாதிக்கிறேன் என்கிறவரிடம் யார் கேட்கப்போகிறார்கள். கேட்டுவிட்டு அவளே திரும்ப அழைத்தாள். இரண்டு வழி இருக்கிறது என்றாள். படிவம் அனுப்பிய பிறகு வருமானம் குறைந்துவிட்டது என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் சுலபமாக முடிந்துவிடும். இல்லையென்றால் முதலில் எழுதியதே தவறு என்று திருத்த மனு போட வேண்டும், அதற்கு எழுதியவரே தன் கைப்பட விளக்கம் தர வேண்டும், அதைப் படித்ததற்கு அடையாளமாக மாணவியும் கையெழுத்திட வேண்டும். முதல் வழி பொய். ஒரு பொய்யான எண்ணைச் சரிசெய்ய ஒரு பொய்யான தேதியைக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. அந்தப் பொய் உன் பெயரில் இருக்கும் கோப்பில் மூன்று வருடம் கிடக்கும். மனு ஏற்கப்பட்டால் உதவித்தொகை எட்டாயிரம் வரை ஏறலாம் என்றாள். ஏறலாம் என்றுதான் சொன்னாள், ஏறும் என்று சொல்லவில்லை, நீயும் அப்படியே எடுத்துக்கொள். ஏறினால் கடன் நாலாயிரத்தோடு நிற்கும்.

அப்பாவிடம் விளக்கம் எழுதச் சொல்வதுதான் இதில் கடினமான வேலையாக இருந்தது. "கையேந்தறேன்னு நானே எழுதித் தரணுமா?" என்றார். இருபத்தைந்து வருடமாக நாம் கட்டுகிற வரியிலும்தான் அந்தப் பல்கலைக்கழகம் ஓடுகிறது என்றேன், அதற்கு, "வரி கட்டறதுக்கும் கேட்டு வாங்கறதுக்கும் வித்தியாசம் இல்லையா?" என்றார். உண்மையில் வித்தியாசம் இருக்கிறது. இரண்டு நாள் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட்டு முடித்ததும் அவரே தாள் கேட்டார். அரை மணி நேரத்தில் நாலு வரி எழுதி என்னிடம் நீட்டினார். தாளைப் பார்த்துக்கொள், வருமான எண்ணை நான் இங்கே எழுதவில்லை. தவறாக எழுதிவிட்டேன், கடையில் இப்போது வருமானம் இவ்வளவுதான், மெஷின் தவணை இவ்வளவு பாக்கி, அவ்வளவுதான். கடைசி வரி மட்டும் யாரும் கேட்காதது. என் மகளுக்கு இது எதுவும் தெரியாது என்று எழுதியிருக்கிறார்.

இதற்கிடையில் சில சின்ன விஷயங்கள். இதரக் கட்டணத்தில் மருத்துவக் காப்பீடு அறுநூற்றிருபது சேர்த்திருக்கிறார்கள். என் வேலையில் உனக்கும் சேர்த்துக் காப்பீடு இருக்கிறது, அதற்கான சான்றைக் காட்டினால் அதைக் கழித்துவிடுவார்கள், சான்றுதான் இரண்டாவது தாள். சாப்பாட்டுக்கு வாரம் இருபத்தோரு வேளைத் திட்டத்தில் இருக்கிறாய், அதில் ஏழு வேளை காலைச் சாப்பாடு, நீ அந்த நேரத்தில் எழுந்ததாகச் சரித்திரமே இல்லை, பதினாலு வேளைக்கு மாற்றிக்கொள். புத்தகங்களை முதல் வாரமே வாங்காதே, எந்தப் புத்தகத்தை வாத்தியார் உண்மையில் திறக்கிறார் என்று பார்த்துவிட்டு மூத்த மாணவர்களிடம் பழையது வாங்கு. பகுதி நேர வேலை வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். சளிக்கு மருந்து சாப்பிடு.

தாளை உறையில் வைக்கும்போது அப்பா, "பாப்பா கண்டிப்பா இதைப் பாக்கணுமா, நீயே அவளுக்காகப் போட்டு அனுப்பக் கூடாதா?" என்று கேட்டார். முடியாது, அவள் கையெழுத்துதான் வேண்டும் என்றேன். பிறகு உறையைத் திறக்கச் சொல்லி, தாளை எடுத்து, "அப்ப எழுத்து கொஞ்சம் நல்லா இருக்கட்டும்" என்று புதுத் தாளில் முதலிலிருந்து மறுபடி எழுதினார். உன்னிடம் இருப்பது அப்படி மறுபடி எழுதிய தாள். நீ படித்தவுடன் அவருடைய கடைசி வரி பொய்யாகிவிடும் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும், ஆனாலும் மறுபடி எழுதும்போது அதை விடவில்லை. நானும் அடிக்கச் சொல்லவில்லை.

நல்லபடியாக இரு, உடம்பைப் பார்த்துக்கொள், படிப்பு உனக்குப் பிடித்தபடி நடக்கட்டும். பதினெட்டாம் தேதிக்குள் தாள் அந்த அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும், தபாலில் போடாமல் நீயே கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கு. அடுத்த முறை அப்பா ஃபோனில் கடை நன்றாகப் போகிறது என்று சொன்னால், சரிப்பா என்று சொல். உன் கையெழுத்தை அவருடைய கையெழுத்துக்கு மிக நெருக்கமாகப் போட வேண்டாம், கீழே கொஞ்சம் இடம் விட்டுப் போடு.

இப்படிக்கு,
அம்மா